ஓய்வைத் தள்ளிப்போடுவது யார்? வயதான நர்ஸ்கள் பற்றிய ஆய்வுகளை வாசித்த குறிப்புகள்

கொஞ்ச நாளாக ஒரே கேள்வியைச் சுற்றியுள்ள ஆய்வுக் கட்டுரைகளாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். ஓய்வு வயதைத் தாண்டியும் வேலையில் தொடர நர்ஸ்கள் விரும்புகிறார்களா, விரும்பினால் எதனால், விரும்பாவிட்டால் எதனால் என்பதுதான் கேள்வி. ஐரோப்பா, அமெரிக்கா, ஜப்பான், சமீப வருடங்களில் சீனா என்று பல பக்கமிருந்தும் இவை வருகின்றன. நாலைந்து வாசித்தாலே அச்சு பிடிபட்டுவிடும். முதல் பத்தியில் மக்கள்தொகைக்கு வயதாகிறது. இரண்டாவதில் நர்ஸ் பற்றாக்குறை. மூன்றாவதில், ஆகவே அனுபவசாலிகளை வீட்டுக்கு அனுப்பக் கூடாது. அப்புறம் ஒரு கேள்வித்தாள், ஐந்து கட்டங்கள், 'முற்றிலும் உடன்படுகிறேன்' முதல் 'சற்றும் உடன்படவில்லை' வரை. முடிவில் மேலாளர்களுக்கு அறிவுரை: மரியாதையாக நடத்துங்கள், டூட்டி நேரத்தைக் கொஞ்சம் நெகிழ்த்துங்கள், பாராட்டுங்கள்.

அறிவுரையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. யாராவது கேட்டால் நல்லதுதான். எனக்கு இடிப்பது 'விருப்பம்' என்ற அந்த ஒரு சொல். இந்த ஆய்வுகளில் அது நர்ஸுக்குள்ளேயே இருக்கிற ஏதோ ஒரு சரக்கு மாதிரி வருகிறது. ரத்தத்தில் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று பார்ப்பதுபோல விருப்பம் எவ்வளவு என்று பார்த்து, அது எதோடு சேர்ந்து ஏறுகிறது, எதோடு இறங்குகிறது என்று அட்டவணை போடுகிறார்கள்.

தமிழில் யோசித்தால் இந்த இடத்தில் நாம் ஒரு சொல்லோடு நிற்க மாட்டோம். இஷ்டப்பட்டுப் போறாங்க, மனசு வந்து போறாங்க, சரின்னு சொல்லிப் போறாங்க, வேற வழியில்லாம போறாங்க. நாலும் வேறு வேறு வாழ்க்கை. ஆனால் கேள்வித்தாளில் நாலு பேரும் ஒரே கட்டத்தில்தான் டிக் அடிப்பார்கள். 'ஓய்வு வயதுக்குப் பிறகும் வேலை செய்வீர்களா?' 'ஆம்.' மகளுக்குக் கல்யாணக் கடன் இருக்கிறவரும் ஆம், வார்டை விட்டால் என்ன செய்வதென்று தெரியாதவரும் ஆம்.

இரண்டாவது சிக்கல் இன்னும் அடிப்படையானது. யாரிடம் கேட்கிறார்கள்? 55 வயதில், 58 வயதில் இன்னும் வேலையில் இருப்பவர்களிடம். 42 வயதில் முதுகுத் தண்டு பிரச்சினையோடு வேலையை விட்டவர் அந்த மாதிரியில் இல்லை. நைட் டூட்டி ஒத்துக்கொள்ளாமல் 48-இல் பள்ளிக்கூட நர்ஸாகப் போனவரும் இல்லை. போகக்கூடியவர்கள் எல்லாம் போன பிறகு மிஞ்சியிருப்பவர்களைக் கூப்பிட்டு, 'நீங்க இருப்பீங்களா?' என்று கேட்டால் இருப்போம் என்று நிறையப் பேர் சொல்லத்தானே செய்வார்கள். தொழில்சார் நோயியலில் இதற்குப் பெயரே உண்டு, 'ஆரோக்கியமான தொழிலாளி விளைவு'. அந்தத் துறையின் பாலபாடம் இது. விருப்ப ஆய்வுகளில் கடைசிப் பக்கத்தில், 'இந்த ஆய்வின் வரம்புகள்' என்ற தலைப்புக்குக் கீழே ஒரு வாக்கியமாக வரும். சில சமயம் அதுவும் வராது.

இந்த விஷயத்தில் 2002-இல் ஐரோப்பாவில் தொடங்கிய 'நெக்ஸ்ட்' ஆய்வை நான் மதிக்கிறேன். ஜெர்மனியின் வுப்பர்டால் பல்கலைக்கழகத்திலிருந்து ஒருங்கிணைத்தார்கள். பத்து நாடுகள், ஏறக்குறைய 40,000 நர்ஸ்கள். அவர்கள் கேள்வியையே திருப்பிப்போட்டார்கள். 'இருப்பீர்களா' என்று கேட்காமல், கடந்த ஒரு வருடத்தில் இந்தத் தொழிலையே விட்டுவிடலாம் என்று எத்தனை முறை நினைத்தீர்கள் என்று கேட்டார்கள்: ஒருமுறைகூட இல்லையா, வருடத்தில் சில தடவையா, மாதத்தில் சில தடவையா, வாரத்திலா, தினமுமா. 'தினமும்' என்று ஒரு கட்டம் வைக்கத் தோன்றியதே, அதுவே ஆஸ்பத்திரி வேலையை அறிந்தவர்கள் செய்த காரியம். அதைவிட முக்கியம், நடுவில் விட்டுப்போனவர்களுக்கும் தனியாக ஒரு கேள்வித்தாள் அனுப்பினார்கள். விட்டுப்போனவர்களைத் தேடிப் பிடிப்பது செலவு, சிரமம். அதனால்தான் மற்றவர்கள் செய்வதில்லை.

இந்தக் கட்டுரைகளில் பலவும் பயன்படுத்தும் இன்னொரு கருவி, பின்லாந்தில் 1980களில் நகராட்சி ஊழியர்களைத் தொடர்ந்து கவனித்து உருவாக்கிய 'வேலைத் திறன் குறியீடு'. 7 முதல் 49 வரை மதிப்பெண். முதல் கேள்வி எளிமையானது: உங்கள் வாழ்க்கையின் மிகச் சிறந்த நிலைக்கு 10 என்றால் இன்றைக்கு எவ்வளவு? இன்னும் இரண்டு வருடம் கழித்து இதே வேலையைச் செய்ய முடியுமா என்றும் கேட்பார்கள். நல்ல கருவிதான். உடம்புக்கும் வேலைக்கும் நடுவே உள்ள இடைவெளியை அளக்க உருவாக்கினார்கள். வேலையின் சுமை குறைந்தாலும் மதிப்பெண் ஏறும் என்பதுதான் அதன் உள்ளர்த்தம். ஆனால் விருப்ப ஆய்வுகளின் அட்டவணைக்குள் நுழைந்ததும், 'திறன் அதிகமுள்ள நர்ஸ்கள் தொடர விரும்புகிறார்கள்' என்று அது நர்ஸின் குணமாகிவிடுகிறது. அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் வகுத்த கணக்குப்படி, ஒரு நோயாளியைக் கையால் தூக்கவோ நகர்த்தவோ செய்யும்போது ஒருவர் மேல் விழும் எடை சுமார் 16 கிலோவைத் தாண்டக் கூடாது. படுத்த படுக்கையாக இருக்கும் ஒரு பெரியவரின் ஒரு கால் மட்டுமே அந்த எடைக்குப் பக்கத்தில் வந்துவிடும். தூக்கும் கருவி இருக்கிற வார்டிலும் இல்லாத வார்டிலும் ஒரே நர்ஸுக்கு வேறு வேறு 'திறன்' கிடைப்பதில் ஆச்சரியம் என்ன?

விருப்பத்தைக் கேட்காமல் நடத்தையை எண்ணிய ஒரு கட்டுரைக்கு வருகிறேன். இந்தத் துறையில் நான் வாசித்ததில் உறுதியானது அதுதான். டேவிட் ஆவர்பாக், பீட்டர் புயர்ஹாஸ், டக்ளஸ் ஸ்டைகர் மூவரும் 2014-இல் 'ஹெல்த் அஃபேர்ஸ்' இதழில் எழுதியது. அமெரிக்காவின் பதிவுபெற்ற நர்ஸ்கள் பற்றி 1969 முதல் 2012 வரையிலான மக்கள்தொகைக் கணிப்புத் தரவை எடுத்துக்கொண்டார்கள். 50 வயதில் வேலையில் இருந்த நர்ஸ்களில் எத்தனை பேர் 62-இல் இருக்கிறார்கள், 69-இல் இருக்கிறார்கள்? 1969–1990 காலத்தில் 62 வயதில் 47 சதவீதம், 69-இல் 9 சதவீதம். 1991–2012 காலத்தில் 62-இல் 74 சதவீதம், 69-இல் 24 சதவீதம். 50 வயதுக்கு மேல் சராசரியாக இரண்டரை வருடம் கூடுதலாக வேலை பார்த்திருக்கிறார்கள். நர்ஸ்களின் மொத்த எண்ணிக்கை 22 லட்சத்தோடு உச்சம் தொட்டுவிடும் என்று முன்பு கணித்திருந்தது பொய்த்து, 2012-இல் 27 லட்சமாக நின்றதற்கு இதுவும் ஒரு காரணம். 2008 பொருளாதாரச் சரிவால் வந்த மாற்றமா என்றால் அதுவும் இல்லை, பெரும்பகுதி அதற்கு முன்பே நடந்துவிட்டது.

இவ்வளவு பெரிய நகர்வு எந்தக் கேள்வித்தாளிலும் பிடிபட்டிருக்காது. அதனால் இந்தக் கட்டுரையை மெச்சுகிறேன். ஆனால் தலைப்பு எனக்கு உறுத்துகிறது. நர்ஸ்கள் ஓய்வைத் தள்ளிப்போடுகிறார்கள் என்கிறது. தமிழில் தள்ளிப்போடுவது வேறு, தள்ளிப்போவது வேறு. கல்யாணத்தை நாமாகத் தள்ளிப்போட்டால் ஒரு கதை. மண்டபம் கிடைக்காமல் தள்ளிப்போனால் இன்னொரு கதை. எண்கள் சொல்வதெல்லாம் நர்ஸ்களின் ஓய்வு தள்ளிப்போயிருக்கிறது என்பதுதான். தள்ளியது யார் கை?

அமெரிக்காவில் 65 வயதில்தான் மெடிகேர் காப்பீடு கிடைக்கும். அதுவரை பெரும்பாலோருக்கு மருத்துவக் காப்பீடு வேலையோடு கட்டப்பட்டது. முன்பெல்லாம் பெரிய நிறுவனங்கள் ஓய்வுபெற்றவர்களுக்கும் காப்பீடு கொடுத்துவந்தன. ஊழியர்களுக்குக் காப்பீடு தரும் பெரிய நிறுவனங்களில் 1988-இல் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அப்படிக் கொடுத்தன. 2013 வாக்கில் அது மூன்றில் ஒன்றுக்கும் கீழே போய்விட்டது. கூடவே, முழு சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம் பெறும் வயதை 65-இலிருந்து 67 வரை படிப்படியாக உயர்த்தும் சட்டம் 1983-இலேயே வந்தது. இவைதான் காரணம் என்று அந்தத் தரவை வைத்து நிரூபிக்க முடியாது, அதை ஒத்துக்கொள்கிறேன். பெண்களின் ஆயுள், கல்வி, வேலைமேல் உள்ள பற்று எல்லாமே மாறிய காலம் அது. ஆனால் 62 வயதில் வேலையை விட்டால் மூன்று வருடம் காப்பீடு இல்லாமல் இருக்க வேண்டும் என்கிற ஊரில், அதுவும் ஆஸ்பத்திரி பில் எப்படி வரும் என்று தினமும் பார்க்கிற ஒருவர், 'இன்னும் மூணு வருஷம் ஓட்டிடலாம்' என்று முடிவெடுத்தால் அதை விருப்பம் என்று சொல்வதற்கு எனக்கு வாய் வரவில்லை.

அதே கட்டுரையில் பலரும் கவனிக்காமல் தாண்டிப்போகும் ஒரு விஷயம் இருக்கிறது. வயது ஏற ஏற நர்ஸ்கள் ஆஸ்பத்திரியிலிருந்து வெளியேறி மற்ற இடங்களுக்கு நகர்கிறார்கள் என்று ஆசிரியர்களே சொல்கிறார்கள். கிளினிக், வீட்டுப் பராமரிப்பு, பள்ளி இப்படி. ஆகவே கூடுதலாகக் கிடைக்கும் அனுபவசாலிகளை ஆஸ்பத்திரிக்கு வெளியே உள்ள நிறுவனங்கள் வரவேற்கலாம் என்று முடிக்கிறார்கள். கட்டுரையின் மையமே இதுதான் என்று எனக்குப் படுகிறது. நர்ஸாகத் தொடர்கிறார்கள், படுக்கைக்குப் பக்கத்தில் தொடரவில்லை. பற்றாக்குறை எங்கே? படுக்கைக்குப் பக்கத்தில். ராத்திரி இரண்டு மணிக்கு. '74 சதவீதம் தொடர்கிறார்கள்' என்று இந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டுபவர்கள் இந்த இடத்தையும் சேர்த்துக் காட்ட வேண்டும்.

பிரிட்டன் இதைவிடத் தெளிவான உதாரணம், ஏனென்றால் அங்கே தள்ளுகிற கை எழுத்தில் இருக்கிறது. என்.எச்.எஸ். ஓய்வூதியத் திட்டத்தில் நர்ஸ்களுக்கும் மருத்துவச்சிகளுக்கும் 'சிறப்பு வகுப்பு' என்று ஒரு தகுதி இருந்தது. 1995 மார்ச் 6-க்கு முன்னால் சேர்ந்தவர்கள், சில நிபந்தனைகளோடு, 55 வயதிலேயே பிடித்தம் இல்லாமல் முழு ஓய்வூதியத்தோடு போகலாம். உடம்புக்கும் மனசுக்கும் கடுமையான வேலை என்ற எண்ணம் அதன் பின்னால் இருந்தது. அந்தத் தேதிக்குப் பின் சேர்ந்தவர்களுக்கு 60. 2008 பிரிவில் 65. 2015 திட்டத்தில் அரசு ஓய்வூதிய வயது எதுவோ அதுவே. இப்போதைய சட்டப்படி அது 67-ஐ நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது. ஆக ஒரே வார்டில், ஒரே படுக்கையை இரண்டு பக்கமும் பிடித்துத் திருப்பும் இரண்டு நர்ஸ்களுக்கு, சேர்ந்த தேதியை வைத்து 12 வருட வித்தியாசம் வரலாம். வேலை மாறவில்லை. முதுகும் மாறவில்லை. இந்த இருவரிடமும் போய் '60-க்கு மேல் வேலை செய்ய விருப்பமா' என்று கேட்டு இரண்டு பதில்களையும் ஒரே நெடுவரிசையில் போட்டால் என்ன அர்த்தம்?

ஓய்வுபெற்றுவிட்டுத் திரும்பி வருவதற்கும் அங்கே விதி உண்டு. 1995 பிரிவுக்காரர் ஒருவர் ஓய்வூதியம் வாங்கத் தொடங்கிய முதல் மாதத்தில் வாரத்துக்கு 16 மணி நேரத்துக்கு மேல் வேலை பார்த்தால் ஓய்வூதியம் நிறுத்தி வைக்கப்படும். கோவிட் வந்ததும் 2020 மார்ச்சில் இதைத் தள்ளிவைத்தார்கள். 2023 ஏப்ரலில் அடியோடு எடுத்துவிட்டார்கள். அந்த அக்டோபரில் இன்னொன்றும் வந்தது: சம்பளத்தில் குறைந்தது 10 சதவீதத்தைக் குறைத்துக்கொண்டு, வேலையில் இருந்தபடியே ஓய்வூதியத்தின் ஒரு பகுதியை வாங்கிக்கொள்ளலாம். இங்கிலாந்தில் 40,000-க்கும் மேல் நர்ஸ் இடங்கள் காலியாக இருந்த நேரம் அது. இருபது, முப்பது வருடமாக நர்ஸ்கள் சொல்லிவந்தது, ஆள் இல்லை என்றானதும் ஒரு சட்டத் திருத்தத்தில் முடிந்தது. இங்கே 'விருப்பம்' மாறவில்லை, விதிதான் மாறியது. அந்த ஆய்வுகள் மேலாளர்களுக்குச் சொல்லும் 'பாராட்டுங்கள்' என்ற அறிவுரையை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

எதிர்த்திசையிலும் ஒன்று. பிரிட்டனில் பெண்களுக்கு அரசு ஓய்வூதிய வயது 60 ஆக இருந்தது. 2010-இலிருந்து ஏறத் தொடங்கி 2018 நவம்பரில் 65, 2020 அக்டோபரில் 66. 1950களில் பிறந்த பெண்களுக்கு இதை ஒழுங்காகத் தெரிவிக்கவில்லை என்று நாடாளுமன்ற முறைமன்ற நடுவரே 2024 மார்ச்சில் அறிக்கை கொடுத்தார். அந்தத் தலைமுறையில் எத்தனை நர்ஸ்கள் இருந்திருப்பார்கள்! 60-இல் போகலாம் என்று வாழ்க்கையைத் திட்டமிட்டு, கடைசி நேரத்தில் இல்லை என்று தெரிந்து, டூட்டி ஷீட்டில் தொடர்ந்து பெயர் இருந்தவர்களும் அதே 'தொடர்ந்து பணிபுரிவோர்' கணக்கில்தான் சேர்ந்திருக்கிறார்கள்.

ஜப்பானில் ஓய்வு வயதைக் கடந்து வேலை பார்க்கும் நர்ஸுக்கு 'பிளாட்டினம் நர்ஸ்' என்று அந்நாட்டு நர்ஸ்கள் சங்கமே பெயர் வைத்திருக்கிறது. பெயர் நன்றாகத்தான் இருக்கிறது. சீனாவில் 2025 ஜனவரி 1 முதல் ஓய்வு வயது 15 ஆண்டுகளில் படிப்படியாக ஏறுகிறது: பெண்களில் 55-இல் போனவர்களுக்கு 58, 50-இல் போனவர்களுக்கு 55. அங்கிருந்து வரும் 'தாமத ஓய்வு விருப்பம்' பற்றிய கட்டுரைகளை வாசிக்கும்போது, வரப்போவது தெரிந்திருக்கும் ஒரு நாட்டில் இந்தக் கேள்விக்கு இருக்கும் கனத்தை மறக்கக் கூடாது. இலங்கையில் நடந்தது கிட்டத்தட்ட நாடகம். அரசு ஊழியர் ஓய்வு வயதை 65 ஆக்கி 2022 தொடக்கத்திலிருந்து நடைமுறைப்படுத்தினார்கள். பொருளாதாரம் கவிழ்ந்தது. அதே வருடம் ஆகஸ்டில் இடைக்கால பட்ஜெட்டில் 60 என்று இறக்கினார்கள். ஒரே வருடத்தில் ஏறி இறங்கிய ஓய்வு வயதுக்கு முன்னால் எந்த மாதத்தில் கேள்வித்தாள் கொடுத்தால் உண்மையான விருப்பம் கிடைக்கும்?

தமிழ்நாட்டுக்கு வருவோம். இங்கே இந்தக் கேள்வியை யாரும் கேட்டதே இல்லை. அரசு ஊழியர் ஓய்வு வயது 58. 2020 மே மாதம், ஊரடங்கின் நடுவில், 59 என்று ஆணை வந்தது. 2021 பிப்ரவரியில் சட்டமன்றத்தில் 60 என்று அறிவித்தார்கள். அந்த ஆண்டுகளில் கையில் காசில்லாத அரசு, பணிக்கொடை முதலிய ஓய்வுகாலப் பலன்களை உடனே கொடுக்காமல் தள்ளிவைக்கப் பார்க்கிறது என்பதுதான் அப்போது பரவலாகப் பேசப்பட்டது. இதை ஒரு நர்ஸின் நாட்காட்டியில் வைத்துப் பாருங்கள். 2020 மே 31-இல் போக வேண்டியவர். மாலையும் சால்வையும் வாங்கி வைத்திருப்பார்கள். ஒரு வருடம் தள்ளிப்போனது. அடுத்த தேதி 2021 மே 31. அதற்கும் மூன்று மாதம் முன்பு மறுபடி தள்ளிப்போனது. இரண்டாம் அலையில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,000-க்கு மேல் தொற்று பதிவானது அந்த மே மாதத்தின் மூன்றாவது வாரத்தில்தான். ஓய்வுபெற்று வீட்டில் இருந்திருக்க வேண்டிய 59 வயது நர்ஸ், அந்த வாரம் டூட்டி ஷீட்டில் இருந்தார். சந்தோஷமாகப் போனவர்களும் இருந்திருப்பார்கள். 'இந்த நேரத்துல எப்படி விட்டுட்டுப் போறது' என்று தானாகவே இருந்திருக்கக்கூடியவர்கள் நிறையப் பேர் என்றே நினைக்கிறேன். ஆனால் அது அவர்கள் முடிவு என்று சொல்லிக்கொள்ளும் வாய்ப்பு அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

மேலைநாட்டு ஆய்வுகளின் அடித்தளமே இங்கே பொருந்தாமல் போகும் இன்னொரு இடம் உண்டு. அங்கே காலியிடம் என்றால் ஆள் கிடைக்காத பள்ளம். இங்கே காலியிடம் என்றால் அதன் முன்னால் ஒரு வரிசை நிற்கிறது. 2015-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் தேர்வு வைத்து 7,000-க்கும் மேற்பட்ட நர்ஸ்களை எடுத்தது. தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். இரண்டு வருடத்தில் நிரந்தரம் என்றார்கள். 2017 நவம்பரில் அவர்கள் சென்னை தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்தது பலருக்கு நினைவிருக்கும். காலியிடம் வர வரத்தான் நிரந்தரம் என்பதே அவர்கள் நிலைமை. ஓய்வு வயது இரண்டு முறை ஏறியதால், 2020 மே முதல் 2022 மே வரை வயது காரணமாக ஏறக்குறைய யாருமே ஓய்வுபெறவில்லை. அதாவது அந்த வரிசை அந்த அளவுக்கு நின்றுபோனது. கோவிட் காலத்தில் மாதம் 14,000 ரூபாய்க்கு எடுத்த இன்னொரு கூட்டம், சுமார் 2,300 பேர், 2022 டிசம்பர் 31-ஓடு வேலை இல்லை என்று அனுப்பப்பட்டார்கள்.

ஒரு வயதானவர் இருந்தால் ஒரு இளையவரின் வேலை போகும் என்பது மூடக் கணக்கு என்று பொருளாதாரம் படித்தவர்கள் சொல்வார்கள். மொத்தப் பொருளாதாரத்துக்கு அது சரி. ஆனால் அரசு ஆஸ்பத்திரியில் அனுமதிக்கப்பட்ட பணியிடம் என்று ஒரு எண் இருக்கிறது, அதற்குமேல் ஒரு நாற்காலியும் கிடையாது. அங்கே கணக்கு அப்படியே மூடத்தனமாகத்தான் வேலை செய்கிறது. 59 வயது சிஸ்டரும் 32 வயது தொகுப்பூதிய நர்ஸும் ஒரே வார்டில் ஹேண்டோவர் கொடுத்து வாங்குகிறார்கள். ஒருவர் தங்குவது இன்னொருவரின் நிரந்தரத்தைத் தள்ளுகிறது என்பது இரண்டு பேருக்கும் தெரியும். 'நீங்கள் தொடர விரும்புகிறீர்களா' என்று அந்த வார்டில் கேட்பது நாகரிகமான கேள்வியே கிடையாது.

ஓய்வூதியத்தையும் பார்க்க வேண்டும். 2003 ஏப்ரல் 1-க்கு முன் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம்: 30 வருட சேவை இருந்தால் கடைசிச் சம்பளத்தில் பாதி. தாமதமாக நிரந்தரமான நர்ஸுக்கு 30 வருடம் நிரம்பாது. அவருக்கு 58-க்கும் 60-க்கும் நடுவில் உள்ள இரண்டு வருடம் சேவைக்கணக்கில் சேரும் காசு. அவர் 'தொடர்கிறேன்' என்றால் கணக்குப் போட்டுத்தான் சொல்கிறார். போடட்டும், அதில் ஒரு தப்பும் இல்லை. 2003-க்குப் பின் சேர்ந்தவர்கள் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் வந்தார்கள். முன்னவருக்கு உறுதியாக இருந்தது பின்னவருக்கு வருடக்கணக்கில் போராட்டக் கோரிக்கையாக இருந்துவந்தது. இவர்களையும் ஒரே 'வயதான நர்ஸ்கள்' என்ற தலைப்பில் அடைக்க முடியாது.

ஆனால் தமிழ்நாட்டில் வயதான நர்ஸ் என்றால் என் மனதில் முதலில் வருவது அரசு நர்ஸ் இல்லை. சின்ன ஊர்களில் பத்து, பதினைந்து படுக்கை நர்சிங் ஹோம்களில் டாக்டருக்குப் பிறகு எல்லாமுமாக இருக்கும் அக்காக்கள். பிரசவம், டிரிப், மாத்திரை, கேஸ் ஷீட், ஆட்டோவுக்கு போன் பண்ணுவது வரைக்கும். சிலர் முறையாகப் படித்தவர்கள், சிலர் பதினெட்டு வயதில் சேர்ந்து வேலையிலேயே பழகியவர்கள். எனக்குத் தெரிந்து அறுபது தாண்டியும் இப்படி வேலை பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். 'ஏன்க்கா இன்னும் போறீங்க?' என்று ஒருவரிடம் கேட்டேன். 'டாக்டர் விட மாட்டேங்கிறாரு' என்றார். சொல்லும்போது பெருமையாகத்தான் சொன்னார். கொஞ்சம் கழித்து, 'விட்டா என்ன பண்றது, பையன் கையையா பாக்க முடியும்' என்றார். இரண்டுமே உண்மை. ஐந்து கட்டங்களில் இதை எந்தக் கட்டத்தில் போடுவீர்கள்?

இவர்களுக்கு ஓய்வு வயது என்ற ஒன்றே கிடையாது, அதனால் 'ஓய்வு வயதைத் தாண்டி' என்ற சொல்லே இவர்களிடம் செல்லாது. வருங்கால வைப்புநிதிச் சட்டம் 20 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்களுக்குத்தான் கட்டாயம். 12 பேர் வேலை பார்க்கும் நர்சிங் ஹோம் அதில் வராது. வந்தாலும், அதன் ஓய்வூதியத் திட்டத்தில் 58 வயதில் கிடைக்கும் குறைந்தபட்ச ஓய்வூதியம் 2014-இலிருந்து மாதம் 1,000 ரூபாய். 15,000 ரூபாய் என்ற உச்சவரம்புச் சம்பளத்தில் 30 வருடம் கட்டியிருந்தாலும் சூத்திரப்படி 7,000-ஐத் தாண்டாது. உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரியில் சொன்னதற்குப் பின் மத்திய அரசு அமைத்த குழு, 50 படுக்கைக்குக் கீழே உள்ள தனியார் ஆஸ்பத்திரியில்கூட நர்ஸுக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைத்தது. பரிந்துரை பரிந்துரையாகவே இருக்கிறது. அரசு ஆஸ்பத்திரியிலிருந்து ஓய்வுபெற்று தனியார் ஆஸ்பத்திரியில் சூப்பரிண்டெண்டாகவோ நர்சிங் கல்லூரியில் ஆசிரியராகவோ சேர்கிறவர்கள் வேறு ரகம். கையில் பென்ஷன் இருக்கிறது, நைட் டூட்டி இல்லை, பிடிக்காவிட்டால் நாளைக்கே விடலாம். விருப்பம் என்ற சொல்லை அதன் முழு அர்த்தத்தில் பயன்படுத்த வேண்டுமென்றால் இவர்களிடம்தான் பயன்படுத்தலாம்.

அதனால் இனி இந்த வகைக் கட்டுரை ஒன்று கையில் வந்தால் நான் முதலில் தேடப்போவது மூன்று விஷயங்கள். விட்டுப்போனவர்களிடமும் கேட்டார்களா? ஒவ்வொருவருக்கும் எந்த வயதில் எவ்வளவு ஓய்வூதியம் வரும் என்று குறித்தார்களா? தொடர்வேன் என்றவர் எந்த வேலையில் தொடர்வதாகச் சொன்னார், ஐ.சி.யு.விலா, ஓ.பி.யிலா, வகுப்பறையிலா? மூன்றும் இல்லாமல் '68 வயது வரை வேலை செய்ய நர்ஸ்கள் தயார்' என்று ஒரு தலைப்பு வந்தால், அதை முதலில் வெட்டி வைத்துக்கொள்வது ஓய்வு வயதை எல்லோருக்கும் சேர்த்து உயர்த்த நினைக்கும் நிதித் துறையாகத்தான் இருக்கும். இருக்க விரும்புகிறவர் இருந்துகொள்வார், அவருக்கு ஆணை தேவையில்லை. ஆணை வேலை செய்வது, 55-இலேயே முழங்கால் தேய்ந்து, படியைப் பிடித்துப் பிடித்து இரண்டாவது மாடி வார்டுக்கு ஏறுகிறவர் மேல்.

ஆவர்பாக் குழுவின் கட்டுரை இணையத்தில் கிடைக்கிறது. புள்ளிவிவரம் பழகாதவர்களும் வாசிக்கலாம், பத்துப் பக்கம்கூட இல்லை. தலைப்பை மட்டும் கொஞ்சம் சந்தேகத்தோடு வாசியுங்கள்.